ப்ளஸ் டூ ஃபெயிலானாலும் படிக்கலாமா? சமுதாயக் கல்லூரி என்றால் என்ன, அந்தச் சான்றிதழ் செல்லுமா? - முழு விளக்கம்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வீடுகளில் ஒரே பேச்சுதான்: அடுத்து என்ன? மார்க் இருப்பவர்களுக்கு கவுன்சிலிங், கட்-ஆஃப் என்று பாதை தெரிகிறது. ஒன்றிரண்டு பாடங்களில் தவறியவர்கள், பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், கல்யாணம் ஆகி படிப்பை விட்டவர்கள் என்ன செய்வது?

இவர்களைக் குறிவைத்து ஒரு விளம்பரம் கண்ணில் படும். "ஓராண்டு டிப்ளமோ, அரசு அங்கீகாரம், உடனடி வேலை." கீழே சின்ன எழுத்தில் "சமுதாயக் கல்லூரி" என்று இருக்கும்.

அது உண்மையிலேயே கல்லூரியா? யார் நடத்துகிறார்கள்? ஒரு வருஷம் படித்து வாங்கும் சான்றிதழ் எங்கே செல்லும், எங்கே செல்லாது? இதற்கான பதில்களில் பாதி, சென்னையில் மயிலாப்பூர், சைதாப்பேட்டை, தரமணி என்ற மூன்று இடங்களைச் சுற்றியே இருக்கிறது.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பகுதி மக்களுக்காக, அந்தப் பகுதியில் இருக்கும் வேலைகளுக்காக, குறைந்த கட்டணத்தில் நடக்கும் கல்லூரி. "கம்யூனிட்டி காலேஜ்" என்று உலகம் முழுக்க அழைக்கப்படுவதைத்தான் தமிழில் சமுதாயக் கல்லூரி என்கிறோம்.

இதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஒன்று, வீட்டிலிருந்து போய் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு, மார்க், வயது என்று காரணம் காட்டி யாரையும் வாசலில் நிறுத்தக் கூடாது. மூன்று, படித்து முடித்தவர் வேலைக்கும் போகலாம், விரும்பினால் மேலே பட்டப்படிப்புக்கும் போகலாம் என்று பாதை திறந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டை தமிழ்நாட்டில் பலர் செய்து காட்டியிருக்கிறார்கள். மூன்றாவதில்தான் சிக்கல்.

எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்காவில். 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில், உயர்நிலைப் பள்ளியின் நீட்டிப்பாக ஒரு ஜூனியர் காலேஜ் தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்கள் 6 பேர். ஊரை விட்டுப் போகாமலேயே கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை முடிக்கலாம் என்பதுதான் யோசனை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவ வீரர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பியபோது, அவர்கள் எல்லோருக்கும் இடம் கொடுக்க இருக்கும் பல்கலைக்கழகங்கள் போதவில்லை. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, நாடு முழுக்க கம்யூனிட்டி காலேஜ்கள் வேண்டும் என்று 1947-ல் பரிந்துரைத்தது. இன்று அங்கே சுமார் 1,000 கல்லூரிகள் இருக்கின்றன. முன்னாள் அதிபர் பைடனின் மனைவி ஜில் பைடன், வெள்ளை மாளிகையில் இருந்த காலத்திலும் வர்ஜீனியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

கிராமப்புறங்களில் இவற்றின் பங்கு இன்னும் பெரிது. சுற்றியுள்ள பல மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே கல்லூரி இருக்கும். உள்ளூர் மருத்துவமனைக்கு நர்ஸ், பண்ணைக்கு மெக்கானிக், தொழிற்சாலைக்கு வெல்டர் எல்லோரும் அங்கேயிருந்துதான் வருவார்கள். 1968-ல் நவாஹோ பழங்குடி மக்கள் தங்கள் நிலப்பகுதியிலேயே தங்களுக்கென்று ஒரு கம்யூனிட்டி காலேஜைத் தொடங்கினார்கள். பழங்குடிகள் தாங்களே நடத்தும் கல்லூரிகளில் அதுதான் முதல்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பணம் எங்கிருந்து வருகிறது என்பது. மாநில அரசு நிதி, பல இடங்களில் உள்ளூர் சொத்து வரி, அதற்கு மேல் மாணவர் கட்டணம். அதாவது, நம்மூரில் சொத்து வரியில் தெருவிளக்கு எரிவது போல, அங்கே அந்த வரியில் ஒரு கல்லூரியும் நடக்கிறது. அதனால் கட்டணம் ஆண்டுக்குச் சராசரியாக 4,000 டாலர் அளவில் இருக்கிறது. அதே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் இது 11,000 டாலருக்கும் மேல்.

தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது?

இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி தொடங்கியது நமக்குப் பக்கத்தில்தான். 1995-ல் புதுச்சேரி பல்கலைக்கழகம், லாஸ்பேட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. மத்தியப் பல்கலைக்கழகம் நடத்துவதால் இது முழுக்க அரசு சார்ந்த கல்லூரி.

அடுத்த ஆண்டு, 1996-ல், சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் 'மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கியது. இந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ். பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி-யின் உறுப்பினராகவும் இருந்தவர். 1999-ல் இதற்கென்றே ஒரு ஆய்வு, மேம்பாட்டு மையம் அமைக்கப்பட்டு, மயிலாப்பூர் சாந்தோம் பகுதியிலிருந்து இயங்கியது. பாடத்திட்டம் தயாரிப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, புதிய கல்லூரி தொடங்க வருபவர்களுக்கு வழிகாட்டுவது எல்லாம் இங்கிருந்துதான் நடந்தது. இங்கே உருவான மாதிரி மற்ற மாநிலங்களுக்கும் போனது.

யாருக்காக என்பதில் அந்த மையம் தெளிவாக இருந்தது. பள்ளியை விட்டவர்கள், ஏழைகள், கிராமப்புறப் பெண்கள், பழங்குடியினர். மற்ற கல்லூரிகள் வடிகட்டி அனுப்பியவர்களைச் சேர்த்துக்கொள்வதே நோக்கம் என்று சொன்னது.

என்ன சொல்லித் தருவாங்க?

இந்த மாதிரியில் ஓராண்டுப் படிப்பு நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது.

முதலில் வாழ்க்கைத் திறன். பேசப் பழகுவது, அடிப்படை ஆங்கிலம், கணினி, தன்னம்பிக்கை. ஃபெயில் ஃபெயில் என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது இதன் பின்னால் உள்ள எண்ணம்.

இரண்டாவது தொழில் திறன். தையல், ஏசி மெக்கானிக், மருத்துவ உதவியாளர், கணினிக் கணக்கு, கேட்டரிங் போல ஏதாவது ஒன்று.

மூன்றாவது நேரடிப் பயிற்சி. மருத்துவமனையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ போய் வேலை பழகுவது. நான்காவது, வேலைக்குத் தயார் செய்வதும் மதிப்பீடும்.

எந்தத் தொழிலைச் சொல்லித் தருவது என்பதை முடிவு செய்வதற்கு முன், அந்த வட்டாரத்தில் எந்த வேலைக்கு ஆள் தேவை என்று கணக்கெடுக்க வேண்டும் என்பதும் இந்த மாதிரியின் விதி. சுற்றுவட்டாரத்தில் பத்து மருத்துவமனை இருந்தால் மருத்துவ உதவியாளர் படிப்பு. தோட்டமும் பண்ணையும் இருந்தால் அதற்கு ஏற்ற படிப்பு. ஆளே தேவைப்படாத வேலைக்கு நூறு பேரைத் தயார் செய்து அனுப்பினால், அது அந்த நூறு குடும்பங்களுக்கும் நஷ்டம்தான்.

அரசு இதில் எங்கே வருது?

தமிழ்நாட்டில் பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளை நடத்தியது தொண்டு நிறுவனங்களும் தேவாலயங்களும் அறக்கட்டளைகளும்தான். கட்டடம், ஆசிரியர், சம்பளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் அவர்கள் தரும் சான்றிதழுக்கு அரசு முத்திரை வேண்டுமே?

அந்த முத்திரை சைதாப்பேட்டையிலிருந்து வந்தது. தமிழ்நாடு அரசு 2002-ல் சட்டம் இயற்றி உருவாக்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அண்ணா சாலையில் சைதாப்பேட்டையில் இயங்குகிறது. இந்தப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகளை அங்கீகரித்து, அங்கே படிப்பவர்களுக்குத் தேர்வு நடத்தி தொழிற்கல்வி டிப்ளமோ வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. நடத்துவது ஒருவர், கையெழுத்துப் போடுவது இன்னொருவர் என்ற ஏற்பாடு இப்படித்தான் வந்தது.

இதன் பிறகு டெல்லியும் இறங்கியது. 2009-ல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ, நாடு முழுக்க சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கியது. வேகமாகப் பரவிய அந்தத் திட்டம் சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது.

அடுத்து வந்தது யுஜிசி. 12-வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி நடத்த நிதி தந்தது. 6 மாதம் படித்தால் சான்றிதழ், ஓராண்டு படித்தால் டிப்ளமோ, இரண்டு ஆண்டு படித்தால் அட்வான்ஸ்டு டிப்ளமோ. 6 மாதத்துக்கு 30 கிரெடிட். பாடத்தில் 60 விழுக்காடு தொழில் திறன், 40 விழுக்காடு பொதுக் கல்வி. மூன்றாம் ஆண்டும் தொடர்ந்தால் 'பி.வோக்' என்ற தொழிற்கல்விப் பட்டம். 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய திறன் தகுதிக் கட்டமைப்பின் படிநிலைகளோடு இது இணைக்கப்பட்டது.

இங்கே ஒரு முக்கியமான மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். சாந்தோமில் உருவான மாதிரி பள்ளியை விட்டவர்களுக்காக வந்தது. யுஜிசி திட்டத்தில் சேர ப்ளஸ் டூ பாஸ் ஆகியிருக்க வேண்டும். பெயர் ஒன்றுதான், வாசல் வேறு. "சமுதாயக் கல்லூரியில் யார் வேணும்னாலும் சேரலாம்" என்று யாராவது சொன்னால், எந்தச் சமுதாயக் கல்லூரி என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கிராமத்துக்கு ஏன் இது முக்கியம்?

உயர்கல்வியில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது என்பது உண்மை. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயதினருக்கான மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. இந்திய சராசரி 28.4. ஆனால் 47 என்றால், ஏறத்தாழ பாதிப் பேர் இன்னும் கல்லூரிக்கு வெளியே நிற்கிறார்கள் என்றும் அர்த்தம்.

யார் வெளியே நிற்கிறார்கள் என்பதைத் தூரம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. மயிலாப்பூரில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, 1914-ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி நடந்து போகும் தூரம். திருவள்ளூர் பக்கத்திலிருந்து வருபவர்கூட மின்சார ரயிலில் வந்து, பறக்கும் ரயிலுக்கு மாறி கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கிவிடலாம். ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ இருக்கும் பெண்ணுக்குக் காலை பஸ்ஸை விட்டால் அன்றைய வகுப்பு போச்சு. ஹாஸ்டலில் சேர்க்கக் காசு வேண்டும், வீட்டில் சம்மதமும் வேண்டும்.

இப்படி நின்றுபோகும் பிள்ளைகளில் கணிசமானோர் எங்கே போகிறார்கள் என்பதற்கு தி.நகரே சாட்சி. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணி எடுத்துக் காட்டும் பிள்ளைகளிடம் ஊரைக் கேட்டால் தென் மாவட்டத்துப் பெயர்கள்தான் அதிகம் வரும். 2010-ல் வசந்தபாலன் இயக்கத்தில் வெளிவந்த 'அங்காடித் தெரு' படம் இவர்களைப் பற்றித்தான் பேசியது. பதினெட்டு வயதில் வேலைக்கு வருவது தப்பில்லை. கையில் ஒரு தொழில் சான்றிதழ்கூட இல்லாமல் வந்தால், பத்து வருஷம் கழித்தும் அதே கவுன்ட்டரில் நிற்க வேண்டியிருக்கும் என்பதுதான் பிரச்சினை.

சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே, பஸ் போய் வரும் தூரத்தில், ஒரு வருஷத்தில் ஒரு தொழிலைக் கற்றுத் தரும் அரசுக் கல்லூரி இருந்தால் இந்தக் கணக்கு மாறும். சமுதாயக் கல்லூரி என்ற யோசனைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அப்போ ஐடிஐ, பாலிடெக்னிக் எல்லாம் என்ன?

நியாயமான கேள்வி. கிராமப்புற மாணவர்களுக்காக அரசே நேரடியாக நடத்தும் தொழிற்கல்வி என்றால் இவைதான்.

ஐடிஐ: எட்டாம் வகுப்பு அல்லது பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். பிரிவைப் பொறுத்து ஓராண்டு அல்லது இரண்டு ஆண்டு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற பிரிவுகள். தமிழ்நாட்டில் அரசு ஐடிஐ-யில் படிப்பவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் உண்டு. மத்திய அரசின் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைப்பதால் ரயில்வே, பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இது செல்லும்.

பாலிடெக்னிக்: பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று ஆண்டு டிப்ளமோ. ப்ளஸ் டூ அல்லது ஐடிஐ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு. அடையாறைத் தாண்டி தரமணியில், மத்திய பாலிடெக்னிக் வளாகத்தில் இதைப் பார்க்கலாம். 1916-ல் மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூலாகத் தொடங்கிய மத்திய பாலிடெக்னிக்கோடு, பெண்களுக்கான டாக்டர் தர்மாம்பாள் அரசு பாலிடெக்னிக், அச்சுத் தொழில்நுட்பக் கல்லூரி போன்றவையும் அங்கே இருக்கின்றன.

இந்த இரண்டிலும் மேலே போகும் பாதை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எந்தப் படிப்புக்கு அடுத்து எந்தப் படிப்பு, எந்த ஆண்டில் சேரலாம் என்று அரசு ஆணையே சொல்லிவிடும்.

சமுதாயக் கல்லூரிக்கு அந்தத் தெளிவு இல்லை. அதன் பலம் வேறு: முப்பது வயதில் இரண்டு பிள்ளைகளோடு படிக்க வரும் ஒரு பெண்ணுக்கும், பகலில் வேலைக்குப் போகும் ஒரு பையனுக்கும் இடம் கொடுக்கும் நெகிழ்வு. ஆகவே பத்தாம் வகுப்பு முடித்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஐடிஐ-யோ பாலிடெக்னிக்கோ கிடைக்கும் என்றால் முதலில் அதைப் பார்ப்பதே நல்லது. அந்த வாசல்கள் மூடிய பிறகு வருபவர்களுக்குத்தான் சமுதாயக் கல்லூரி நிஜமாகவே உதவும்.

சரி, சான்றிதழ் செல்லுமா?

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எதற்குச் செல்லுமா என்று கேட்க வேண்டும்.

தனியார் வேலைக்கு: பெரும்பாலும் செல்லும். தையல் யூனிட்டோ ஏசி சர்வீஸ் சென்டரோ சான்றிதழை விட கை வேலையைத்தான் பார்க்கும்.

அரசு வேலைக்கு: விளம்பரத்தில் எந்தத் தகுதி கேட்கப்பட்டிருக்கிறதோ அதற்கு இணையானது என்று அரசு ஏற்றிருந்தால்தான் செல்லும். இன்னொரு விதியும் உண்டு. 18.8.2009 தேதியிட்ட தமிழ்நாடு அரசாணை எண் 107-ன்படி, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம், பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ முடித்த பிறகு வாங்கியதாக இருந்தால்தான் அரசு வேலைக்கு ஏற்கப்படும். ப்ளஸ் டூ எழுதாமல் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் டிஎன்பிஎஸ்சி வாசலில் மாட்டிக்கொள்வது இதனால்தான். டிப்ளமோவில் தொடங்கி பட்டம் வரை போக நினைப்பவர்கள் விட்ட ப்ளஸ் டூ பாடங்களையும் எழுதி முடித்துவிடுவது பாதுகாப்பு.

உரிமம் தேவைப்படும் வேலைக்கு: இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நர்சிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு மருத்துவ உதவியாளர் டிப்ளமோ படித்தவர், உதவியாளர்தான். பதிவு பெற்ற நர்ஸ் ஆக முடியாது. அதற்கு மூன்று ஆண்டு ஜிஎன்எம் டிப்ளமோ அல்லது நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும். கிராம சுகாதாரப் பணிக்கான ஏஎன்எம் படிப்புக்கே இரண்டு ஆண்டு. படித்த பிறகு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தக் குழுமத்தின் அலுவலகமும் மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது.

சாந்தோமில் தொடங்கிய ஒரு யோசனையின் பெயரைச் சொல்லி, ஏதோ ஒரு ஊரில் ஓராண்டு 'நர்சிங்' படித்த பெண், அதே சாந்தோமில் உள்ள குழுமத்துக்கு வந்து பதிவு கேட்டால் கிடைக்காது. மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட் ஆவதற்கும் இதே கதைதான். அதற்கு டி.பார்ம் படித்து பதிவு செய்ய வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு ஓராண்டு மழலையர் கல்வி டிப்ளமோ போதாது.

இதற்கு அர்த்தம் உதவியாளர் படிப்பு வீண் என்பதல்ல. மருத்துவமனைகளுக்கு உதவியாளர்களும் தேவை. என்ன வேலைக்காகப் படிக்கிறோம் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் எல்லாம் சரியா இருக்கா?

இல்லை. அங்கேயும் பெரிய ஓட்டை மூன்றாவது விஷயத்தில்தான், அதாவது மேலே போகும் பாதையில். கம்யூனிட்டி காலேஜில் சேரும் 10 பேரில் சுமார் 8 பேர், பின்னால் பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசையோடுதான் வருகிறார்கள். 6 ஆண்டுகளுக்குள் பட்டம் வாங்குபவர்கள் 10-க்கு 2 பேரைவிடக் குறைவு. இங்கே படித்த கிரெடிட்டை அங்கே ஏற்க மாட்டோம் என்று பல்கலைக்கழகங்கள் சொல்வதும், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நடுவில் நின்றுவிடுவதும் முக்கியக் காரணங்கள்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. படிப்பை நடுவில் விட்ட மாணவர் ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தாலும் பெரும்பாலும் அந்தக் கல்லூரி அங்கேயே இருக்கும். வரிப் பணத்தில் நடப்பதால் அது ஊரின் நிரந்தரச் சொத்து. நம்மிடம் சமுதாயக் கல்லூரி ஒரு 'ஸ்கீம்' ஆகவே வந்திருக்கிறது. இக்னோ திட்டம் நின்றது. யுஜிசி நிதி ஐந்தாண்டுத் திட்டக் காலத்தோடு கட்டப்பட்டிருந்தது. தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை நின்றால் வகுப்பும் நிற்கும். திட்டம் முடிந்த பிறகும் மாணவர் கையில் அந்தச் சான்றிதழ் இருக்கும். அதைச் சரிபார்த்துச் சொல்ல ஆள் இருப்பாரா என்பதுதான் கேள்வி.

சேரும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. சான்றிதழில் யார் கையெழுத்து? கல்லூரியின் பெயரை விட, டிப்ளமோ தரும் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் முக்கியம். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலோ அலுவலகத்திலோ கல்லூரியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

2. இந்த ஆண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? பழைய கடிதத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கலாம். நீங்கள் சேரும் ஆண்டுக்கான அனுமதியைக் கேளுங்கள்.

3. இந்தப் படிப்பு எந்த வேலைக்கு? "நர்சிங் மாதிரி", "டீச்சர் டிரெயினிங் மாதிரி" என்று 'மாதிரி' போட்டுச் சொன்னால் உஷார். சரியான பதவிப் பெயரை எழுதிக் கேளுங்கள்.

4. நேரடிப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? மருத்துவமனை அல்லது நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, அங்கே போய் விசாரியுங்கள்.

5. மொத்தச் செலவு எவ்வளவு? சேர்க்கைக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சீருடை, பயிற்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நீங்கள் சேரும் படிப்பு அதற்குள் வருமா என்று சேர்வதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

6. இதற்குப் பிறகு எங்கே சேரலாம்? எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில், எந்த ஆண்டில் என்று கேளுங்கள். "எங்க வேணும்னாலும்" என்பது பதில் இல்லை.

7. அப்ரண்டிஸ் பயிற்சிக்குத் தகுதி உண்டா? பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு தொழிற்பழகுநர் பயிற்சி ஏற்பாடு செய்யும் மத்திய அரசின் தென்மண்டல வாரியம் தரமணியில் இயங்குகிறது. உங்கள் டிப்ளமோவை அங்கே ஏற்பார்களா என்று கேட்பது நல்லது. அங்கே ஏற்கிறார்கள் என்றால் அந்தச் சான்றிதழுக்கு வெளியிலும் மதிப்பு இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

அடுத்து என்ன?

தமிழ்நாட்டில் இப்போது திறன் வளர்ப்புக்கு அரசு தரும் கவனம் அதிகம். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்கும் பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கும் கூடுதல் பயிற்சி தருகிறது. அரசு ஐடிஐ-க்கள் நவீன இயந்திரங்களோடு தரம் உயர்த்தப்படுகின்றன. ஆனால் இவை பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு கல்வி நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கு உதவுபவை. வெளியே நிற்கும் மற்ற பாதிப் பேருக்கு, குறிப்பாக இருபத்தைந்து வயதைத் தாண்டிய கிராமப்புறப் பெண்களுக்கு, பஸ் தூரத்தில் ஒரு வாசல் வேண்டும் என்ற தேவை அப்படியே இருக்கிறது.

புதிதாகக் கட்டடம் கட்டித்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒன்றியம் தோறும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. மாலை நேரத்தில் அங்கே வகுப்பறைகள் காலியாகத்தான் இருக்கும். ஜோலியட்டில் 1901-ல் முதல் வகுப்பு நடந்ததும் ஒரு உயர்நிலைப் பள்ளியில்தான். பாடத்திட்டம் சாந்தோமில் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. தேர்வு நடத்த சைதாப்பேட்டையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. இல்லாதவை இரண்டு: ஆண்டுதோறும் தவறாமல் வரும் நிதி, முடித்தவர் அடுத்து எங்கே சேரலாம் என்று தெளிவாகச் சொல்லும் ஒரு அரசாணை.

அந்த இரண்டும் வரும் வரை, ஓராண்டையும் வீட்டுச் சேமிப்பையும் போட்டுப் படிக்க வருபவர்கள் சான்றிதழின் அடியில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்பதைப் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.